பி.டி.எம். ஆலோசகராகத் தொடங்குபவருக்கு: மென்பொருளைத் திறக்கும் முன்னும் பின்னும்

பொறியியல், உற்பத்தி நிறுவனங்களுக்குத் தயாரிப்புத் தரவு மேலாண்மையில் (பி.டி.எம்.) ஆலோசனை சொல்லும் வேலைக்குப் பெரும்பாலும் இரண்டு வகையினர் வருகிறார்கள். ஒரு வகை, பல வருடம் கேட் மென்பொருளில் (கணினியில் வடிவமைக்கும் மென்பொருள்) டிராயிங் போட்டவர்கள். இன்னொரு வகை, சர்வர், டேட்டாபேஸ் என்று ஐ.டி. பக்கமிருந்து வருகிறவர்கள். முன்னவர்களுக்குத் தாங்கள் சேமிக்கும் ஃபைல் சர்வரில் எங்கே போய் உட்காருகிறது என்பதில் அக்கறை இருந்ததில்லை. பின்னவர்களுக்கு, ஒரு அசெம்பிளியை, அதாவது பல பாகங்கள் சேர்ந்த மாடலை, திறந்தால் அது ஏன் இன்னும் நானூறு ஃபைல்களைத் தேடிக்கொண்டு போகிறது என்பது புரிவதில்லை. இரு தரப்புக்கும் பொதுவான ஆசை ஒன்று உண்டு: முதல் கூட்டத்திலேயே மென்பொருளைத் திறந்து காட்டிவிடுவது. அந்த ஆசையை அடக்கத் தெரிந்தால் பாதி வேலை கைக்கு வந்துவிடும்.

எது பி.டி.எம்., எது இல்லை

மாடல்கள், டிராயிங்குகள், பாகப் பட்டியல்கள், அவற்றின் திருத்த வரலாறு ஆகியவற்றை வால்ட் எனப்படும் ஒரே பெட்டகத்தில் வைத்து, இப்போது யார் எதைத் திருத்திக்கொண்டிருக்கிறார், எது ஒப்புதல் பெற்றது என்பதைக் காப்பதுதான் பி.டி.எம். ஒருவர் ஒரு ஃபைலை செக்-அவுட் செய்தால் மற்றவர்கள் படிக்கலாம், திருத்த முடியாது. செக்-இன் செய்ததும் புதிய பதிப்பு பதிவாகும், பழையதும் அழியாமல் இருக்கும். பி.எல்.எம். இதைவிடப் பரந்தது. தேவைகள் தொடங்கிச் சேவை வரை தயாரிப்பின் வாழ்நாள் முழுவதையும் பிடிக்கப் பார்க்கும். இ.ஆர்.பி. சரக்கு, கொள்முதல், பணம் ஆகியவற்றின் கணக்கு. வாடிக்கையாளர் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பார். எது உங்கள் வேலைக்குள் வரும், எது வராது என்று ஒரே பக்கத்தில் எழுதி, முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

"எங்களிடம்தான் கிளவுட் ஃபோல்டர் இருக்கிறதே, அது போதாதா?" என்ற கேள்வி நிச்சயம் வரும். வேர்டு ஆவணங்களுக்குப் போதும். கேட் ஃபைல்கள் அப்படித் தனித்து நிற்பவை அல்ல. டிராயிங் மாடலைச் சார்ந்திருக்கும், அசெம்பிளி தன் பாகங்களைச் சார்ந்திருக்கும். சாதாரண ஃபோல்டரில் ஒரு பாகத்தின் பெயரை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் அசெம்பிளி எதுவும் அதை அறியாது. அடுத்த முறை திறக்கும்போது "ஃபைல் கிடைக்கவில்லை" என்று நிற்கும். பி.டி.எம். இந்தச் சார்புகளைத் தெரிந்து வைத்திருக்கிறது. "இந்த பிராக்கெட் எந்தெந்தத் தயாரிப்பில் போகிறது?" என்ற கேள்விக்கு அதனால்தான் நொடியில் பதில் தருகிறது. பல நிறுவனங்களில் பணம் கொடுத்து வாங்க இந்த ஒரு வசதியே போதுமான காரணம்.

முதல் வாரம்: ஒரு பாகத்தைப் பின்தொடருங்கள்

கான்ஃபரன்ஸ் அறையில் உட்கார்ந்து "உங்கள் பிரச்சினை என்ன?" என்று கேட்டால், "ஃபைல் தேடியே நேரம் போகிறது" என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தப் பதிலை வைத்து எதையும் வடிவமைக்க முடியாது. ஷாப் ஃப்ளோருக்குப் போங்கள். இப்போது மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பாகத்தின் டிராயிங்கை ஆபரேட்டரிடமிருந்து வாங்கிப் பாருங்கள். பார்ட் நம்பர், ரிவிஷன் (எத்தனையாவது திருத்தம் என்ற குறி), அச்சடித்த தேதி, பேனாவால் எழுதிய திருத்தம் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். தரப் பரிசோதனையில் அதே பாகத்துக்கு எந்த ரிவிஷனை வைத்து அளக்கிறார்கள்? பர்ச்சேஸ் கடைசியாக சப்ளையருக்கு அனுப்பிய பி.டி.எஃப். எது? இ.ஆர்.பி.-யில் என்ன பதிவாகியிருக்கிறது? கடைசியில் டிசைனரின் கணினியில் என்ன இருக்கிறது? கிடைத்த பதில்களை ஒரே அட்டவணையில் போடுங்கள். ஐந்து இடத்திலும் ஒரே ரிவிஷன் இருந்தால் அந்த நிறுவனத்துக்கு உங்கள் உதவி அதிகம் தேவையில்லை. பெரும்பாலும் அப்படி இருக்காது. இருபது ஸ்லைடு போட்டுச் சொன்னாலும் புரியாத நிர்வாகத்துக்கு இந்த ஒரு தாள் புரியும்.

எந்தப் பாகத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். அவர்கள் பெருமையாகக் காட்டும் பாகம் வேண்டாம். கடந்த ஓராண்டில் சில முறையாவது மாறியது, ஒன்றுக்கு மேற்பட்ட தயாரிப்பில் போவது, வெளியே சப்ளையரிடம் செய்யப்படுவது, இப்படி ஒன்றைக் கேளுங்கள். கோளாறு இருந்தால் அங்கேதான் இருக்கும்.

அந்தப் பேனாத் திருத்தத்தைப் பார்த்து யாரையும் கண்டிக்க வேண்டாம். ஏன் எழுதினார் என்று கேளுங்கள். "டிசைனுக்குச் சொன்னால் மூன்று வாரம் ஆகும், மெஷின் நிற்கும்" என்பார். அவர்களுடைய மாற்ற நடைமுறை எவ்வளவு மெதுவானது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நீங்கள் அமைக்கப் போகும் முறை அந்த மூன்று வாரத்தைக் குறைக்காவிட்டால், வால்ட் வந்த பிறகும் பேனா ஓயாது.

இதோடு ஃபைல் சர்வரிலிருந்து முழுப் பட்டியல் ஒன்றை எடுத்து எக்ஸெலில் போடுங்கள்: பெயர், இடம், அளவு, கடைசியாகத் திருத்திய தேதி. ஒரே பெயரில் எத்தனை ஃபைல், "ஃபைனல்", "நியூ", "காப்பி" என்று முடிபவை எத்தனை, ஐந்து வருடமாக யாரும் தொடாதவை எத்தனை என்று எண்ணுங்கள். பழைய தரவை மாற்றும் வேலைக்கு எவ்வளவு நாள் கேட்பது என்பதை இந்த எண்களிலிருந்துதான் கணக்கிட முடியும். இவை இல்லாமல் சொல்லும் மதிப்பீடு வெறும் ஊகம்.

விதிகளை எழுதுதல்

நீங்கள் உண்மையில் விற்பது இந்தக் கட்டத்தைத்தான். மென்பொருளை நிறுவ ஆள் கிடைப்பார்கள். "எப்போது பார்ட் நம்பர் மாற வேண்டும், யார் ரிலீஸ் செய்யலாம் (ஒப்புதல் தந்து வெளியிடலாம்)" என்று பத்துப் பேரை உட்காரவைத்து முடிவெடுக்க வைப்பதற்கு ஆள் கிடைப்பது அரிது.

பார்ட் நம்பரில் தொடங்குங்கள். பல நிறுவனங்கள் எண்ணுக்குள்ளேயே பொருளைத் திணித்திருக்கும்: முதல் இரண்டு இலக்கம் பாகத்தின் வகை, அடுத்தது உலோகம், அடுத்தது அளவு. பார்த்தவுடன் புரியும் என்பார்கள். உலோகம் மாறும் நாளில் எண் பொய் சொல்லத் தொடங்கும். வகைகள் 99-ஐத் தாண்டும் நாளில் முறையே உடையும். பொருளற்ற வரிசை எண் போதும், விவரங்களைத் தனிப் புலங்களில் வையுங்கள் என்பது என் கருத்து. பழகிய கைகள் இதை எளிதில் ஒப்புக்கொள்ளாது. அப்போது இரண்டெழுத்து முன்னொட்டு ஒன்றோடு சமாதானமாகலாம், அதற்கு மேல் இறங்கிவர வேண்டாம். எந்த முறையானாலும் எண் பூஜ்யத்தில் தொடங்கக் கூடாது. எக்ஸெல் அதை விழுங்கிவிடும். இலக்கங்களுக்கு நடுவில் தனியாக 'இ' எழுத்து வந்தால் அறிவியல் குறியீடு என்று நினைத்து மாற்றிவிடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணின் வாலைப் பூஜ்யமாக்கிவிடும். எத்தனை நல்ல மென்பொருள் வாங்கினாலும் பாகப் பட்டியல் ஒருநாள் எக்ஸெல் வழியாகப் போகாமல் இருக்காது.

அடுத்து, ரிவிஷன் மாறுவது எப்போது, எண்ணே மாறுவது எப்போது. தொழிலில் வழக்கமான அளவுகோல் ஃபார்ம், ஃபிட், ஃபங்ஷன்: வடிவம், பொருந்தும் விதம், செயல்பாடு. பழைய பாகமும் புதிய பாகமும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தாலும் எதை எடுத்துப் போட்டாலும் சரி என்றால் ரிவிஷன் மாற்றினால் போதும். அப்படிக் கலக்க முடியாது என்றால் புதிய எண்.

இந்த விதியை ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல ஒரு நிகழ்வு உண்டு. 2006-இல் ஜெனரல் மோட்டார்ஸின் சிறிய கார்கள் சிலவற்றின் இக்னிஷன் சுவிட்சில் ஒரு மாற்றத்துக்கு ஒப்புதல் தரப்பட்டது. சாவி ஓட்டத்தின் நடுவே எளிதில் நழுவிவிடாதபடி உள்ளே இருந்த ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் மாறின. பார்ட் நம்பர் மாறவில்லை. பழைய சுவிட்ச் நழுவினால் என்ஜின் அணைந்துவிடும், ஏர்பேக் விரியாது. விபத்துகளை உள்ளே விசாரித்தவர்களுக்கு, ஒரே எண் கொண்ட சுவிட்ச் பழைய கார்களில் மட்டும் ஏன் இப்படி நடக்கிறது என்பது ஆண்டுக்கணக்கில் விளங்கவில்லை. ஒரு வழக்குக்காக வெளியிலிருந்து வந்த நிபுணர் பழைய சுவிட்சையும் புதிய சுவிட்சையும் வாங்கி ஒப்பிட்டபோதுதான் வித்தியாசம் வெளியே வந்தது. 2014-இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. மரணங்களுக்குக் காரணம் சுவிட்சின் குறைதான். அந்தக் குறையை அத்தனை காலம் மறைத்து வைத்ததில் மாறாத எண்ணுக்கும் பங்கு உண்டு.

பதிப்பு வேறு, ரிவிஷன் வேறு என்பதையும் முதல் நாளே தெளிவாக்கிவிடுங்கள். ஒவ்வொரு செக்-இன்னுக்கும் பதிப்பு எண் தானாக ஏறும். டிசைனர் ஒரே நாளில் ஏழு பதிப்பு போடலாம், யாருக்கும் கவலையில்லை. ரிவிஷன் என்பது ரிலீஸின்போது வெளியுலகுக்குச் சொல்லப்படும் எழுத்து. அந்த எழுத்துகளை அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.35 முறைப்படி போட்டால் ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இஸட் ஆகியவை விடப்படும். அச்சில் 1, 0, 5, 2 போன்ற எண்களோடு குழம்பக் கூடாது என்பது முக்கியக் காரணம். டிராயிங்கின் டைட்டில் பிளாக்கில் (ஓரத்து விவரப் பெட்டியில்) ரிவிஷனைக் கையால் தட்டும் வழக்கம் இருந்தால் அன்றே நிறுத்துங்கள். வால்ட் எழுதும் புலத்திலிருந்து அது தானாக வர வேண்டும்.

வாடிக்கையாளர் தரும் டிராயிங்கை வைத்து வேலை செய்யும் நிறுவனமென்றால் ஒரு கூடுதல் கவனம் தேவை. ஐ.எஸ்.ஓ. 9001:2015-இன் 7.5 பிரிவு, வெளியிலிருந்து வரும் ஆவணங்களையும் அடையாளமிட்டுக் கட்டுப்பாட்டில் வைக்கச் சொல்கிறது. வாடிக்கையாளரின் ரிவிஷனுக்கு மேல் உங்கள் ரிவிஷனை எழுதிவிடக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனிப் புலம் வையுங்கள்.

நிலைகளைப் பொறுத்தவரை, குறைவாக வைப்பதே நல்லது. வேலையில் உள்ளது, பரிசீலனையில் உள்ளது, ரிலீஸ் ஆனது, வழக்கொழிந்தது. இந்த நான்கில் தொடங்கினால் போதும். கூட்டத்தில் ஒவ்வொரு துறையும் தனக்கு ஒரு ஒப்புதல் பெட்டி கேட்கும். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: "கடந்த ஓராண்டில் நீங்கள் எத்தனை டிராயிங்கைத் திருப்பி அனுப்பினீர்கள்?" ஒன்றுகூட இல்லை என்றால் அவருக்குத் தேவை தகவல், ஒப்புதல் அல்ல, மின்னஞ்சல் போனால் போதும். ஒப்புதல் தருபவர் விடுப்பில் போனால் யார் தருவார் என்பதை விதியிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டாம் மாதம் எல்லாரும் அவருடைய பாஸ்வேர்டைத் தெரிந்து வைத்திருப்பார்கள்.

மாற்றக் கோரிக்கை, மாற்ற ஆணை இரண்டுக்கும் படிவம் இருக்கும். பெரும்பாலான படிவங்களில் விட்டுப்போவது ஸ்டோர்ஸில் கிடக்கும் பழைய சரக்குக்கு என்ன செய்வது என்ற கேள்வி. தீரும்வரை பயன்படுத்துவதா, திருத்திப் பயன்படுத்துவதா, கழித்துக்கட்டுவதா? பாதி வழியில் சப்ளையரிடம் இருப்பதற்கும் பதில் வேண்டும்.

மென்பொருள் தேர்வு

இங்கே நேரம் அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் கேட் மென்பொருளே இதைத் தீர்மானித்துவிடும். சாலிட்வொர்க்ஸ் மட்டும் உள்ள இடத்தில் சாலிட்வொர்க்ஸ் பி.டி.எம்., இன்வென்டரும் ஆட்டோகேடும் உள்ள இடத்தில் ஆட்டோடெஸ்க் வால்ட் முதலில் பார்க்கத் தக்கவை. பல கேட், பல ஊர், பெரிய மாற்ற நடைமுறை என்றால் சீமென்ஸின் டீம்சென்டர், பி.டி.சி.யின் விண்ட்சில், டசோவின் எனோவியா, ஏராஸ் இன்னோவேட்டர் பக்கம் போக வேண்டிவரும். விற்பனையாளரின் மாதிரித் தரவில் எல்லாமே அழகாக ஓடும். வாடிக்கையாளரின் ஆகப்பெரிய அசெம்பிளியைக் கொடுத்து, அதன் நடுவில் உள்ள ஒரு பாகத்தை மாற்றி ரிலீஸ் வரை கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். நீங்களே ஏதேனும் மென்பொருளின் விற்பனைப் பங்காளி என்றால் அதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிய வந்தால் நீங்கள் சொன்ன சரியான ஆலோசனைகூடச் சந்தேகத்துக்குள்ளாகும்.

எல்லாரும் ஒரே கேட், ஒரே பதிப்பில் இருக்கிறார்களா என்று பார்ப்பதும் இப்போதே நடக்க வேண்டும். ஏர்பஸ் ஏ380 விமானத்தில் ஜெர்மன் அணி கட்டியா என்ற கேட் மென்பொருளின் நான்காம் பதிப்பையும் பிரெஞ்சு அணி ஐந்தாம் பதிப்பையும் பயன்படுத்தின. ஒரு பக்கம் செய்த மாற்றம் மறுபக்கத்துக்குச் சரியாகப் போய்ச் சேராமல், கேபிள் கட்டுகள் விமானத்தில் பொருந்தாமல் போயின. 2006-இல் வெளியே தெரியவந்த அந்தச் சிக்கல், விமானம் கைக்குக் கிடைப்பதைச் சுமார் இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது.

பழைய தரவு

திட்டங்கள் தடம் புரளும் இடம் இது. எல்லாவற்றையும் அப்படியே வால்ட்டில் கொட்டலாமே என்று வாடிக்கையாளர் சொல்வார். குப்பையை வால்ட்டில் போட்டால் அதற்குப் பதிப்பு வரலாறும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். இப்போது விற்பனையில் உள்ள தயாரிப்புகளும் உதிரிப் பாகம் தர வேண்டிய கடப்பாடு உள்ளவையும் முதலில் வரட்டும். மற்றவை படிக்க மட்டும் அனுமதியுள்ள பழைய ஃபோல்டரில் இருக்கட்டும். தேவைப்படும் நாளில், தேவைப்படுவதை மட்டும் சுத்தம் செய்து உள்ளே எடுக்கலாம்.

வால்ட் முழுவதிலும் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்கக் கூடாது என்று அமைப்பதுதான் பாதுகாப்பு. அப்படி அமைத்தால் பத்து ஃபோல்டரில் உள்ள பத்து "பிராக்கெட்" ஃபைல்களும் மோதும். பெயர் ஒன்று, உள்ளடக்கம் வேறா? உள்ளடக்கமும் ஒன்றா? ஒரே பாகத்தின் இரண்டு காலகட்டமா? இதை டிசைனர்தான் சொல்ல முடியும். அவருடைய நேரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். "தரவைச் சுத்தம் செய்வது வாடிக்கையாளர் பொறுப்பு" என்று ஒரு வரி மட்டும் எழுதிவைத்தால் அந்த வேலை நடக்காது, பழி மட்டும் உங்கள் மேல் வரும்.

உள்ளே ஏற்றும் வரிசை கீழிருந்து மேல்: முதலில் போல்ட், பேரிங் போன்ற பொதுப் பாகங்கள், பிறகு மற்ற பாகங்கள், துணை அசெம்பிளிகள், முழு அசெம்பிளிகள், கடைசியில் டிராயிங்குகள். பொதுப் பாகங்களை எல்லாரும் ஒரே இடத்திலிருந்து எடுக்கும்படி செய்யாமல் எதையும் ஏற்ற வேண்டாம். சாலிட்வொர்க்ஸில் ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனி டூல்பாக்ஸ் (போல்ட், நட் போன்ற பொதுப் பாகங்களின் நூலகம்) இருந்தால், ஒருவர் போட்ட சின்ன போல்ட் இன்னொருவர் திரையில் ராட்சத அளவில் வந்து நிற்கும். பார்த்துச் சிரிக்கலாம், அந்த அசெம்பிளியை யாரும் சேமித்துவிடாதவரை. விண்டோஸில் ஃபோல்டர் பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டினால் சில மென்பொருள்கள் திணறும் என்பதால், ஆழமான ஃபோல்டர் மரங்களை முன்பே வெட்டிவிடுங்கள்.

சோதனை வால்ட் ஒன்றில் முழுவதையும் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள், தேவையானால் இரண்டாம் முறையும். உண்மையான மாற்றத்தை வார இறுதியில் வைத்து, வெள்ளி மாலையே பழைய ஃபோல்டரில் எழுதும் உரிமையை எல்லாரிடமிருந்தும் எடுத்துவிடுங்கள், மேலாளர் உட்பட. திங்கள் காலை ஒருவரிடம் மட்டும் அந்த உரிமை மிச்சமிருந்தாலும் அடுத்த மாதம் இரண்டு உண்மைகள் இருக்கும்.

பைலட்டும் பயிற்சியும்

பைலட் என்பது சிறிய அளவிலான முதல் சோதனை: ஒரு அணி, ஒரு உண்மையான புராஜெக்ட். விளையாட்டுத் தரவில் நடத்தும் பைலட் எதையும் நிரூபிக்காது. எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் மூத்த டிசைனர் ஒருவர் எங்கும் இருப்பார், அவரை இந்த அணியில் சேருங்கள். "இதெல்லாம் எதற்கு, என்னிடம் கேட்டால் நான் சொல்கிறேனே" என்பவர் அவர்தான். அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டு போய் வேலையை முடிக்கப் பார்க்காதீர்கள். விதிவிலக்குகள் எல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கின்றன.

பயிற்சியை வேலை வாரியாகப் பிரியுங்கள். டிசைனருக்குச் செக்-அவுட், செக்-இன், பெயர் மாற்றம், காப்பி எடுத்துப் புதுப் பாகம் செய்தல். பர்ச்சேஸுக்கும் ஷாப் ஃப்ளோருக்கும் தேடுவதும் ரிலீஸ் ஆன பி.டி.எஃப்.-ஐப் பார்ப்பதும் போதும். அரை மணிநேரத்துக்கு மேல் வேண்டாம். ரிலீஸ் ஆகும்போதே பி.டி.எஃப்.-உம் ஸ்டெப் ஃபைலும் (வேறு கேட் மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய மாடல் ஃபைல்) தானாக உருவாகும்படி அமைத்தால், டிசைனரிடம் ஓடிவந்து "கொஞ்சம் எக்ஸ்போர்ட் பண்ணிக் கொடுங்க" என்பது நின்றுவிடும். டிசைனர்கள் புதிய முறையை விரும்பத் தொடங்குவது பல இடங்களில் இந்தச் சின்ன விஷயத்தால்தான்.

இ.ஆர்.பி.-யோடு இணைப்பைப் பைலட்டில் சேர்க்காதீர்கள். விதிகள் நிலைத்த பிறகு செய்யுங்கள். ரிலீஸ் ஆனவை மட்டும், ஒரே திசையில், பி.டி.எம்.-இலிருந்து இ.ஆர்.பி.-க்குப் போகட்டும். டிசைனின் பாகப் பட்டியலும் உற்பத்தியின் பாகப் பட்டியலும் ஒன்றல்ல. பெயின்ட், பசை, பேக்கிங் போன்றவை மாடலில் இருக்காது. டிசைனில் தனித்தனி அசெம்பிளியாக இருப்பது ஷாப் ஃப்ளோரில் ஒன்றாகவே கட்டப்படலாம். டிசைன் "1 எண்ணம்" என்று சொல்லும் குழாயை ஸ்டோர்ஸ் மீட்டரில் கணக்கிடும். அளவு அலகு எங்கே மாறுகிறது என்பதை முதலில் தீர்த்தால் பாதிச் சண்டை குறையும்.

ஒப்படைத்தல்

உள்ளே ஒருவரை நிர்வாகியாகத் தயார்செய்யாமல் கிளம்பாதீர்கள். அவர் ஐ.டி.-யில் இருக்கலாம், டிசைனில் இருக்கலாம். டிசைனிலிருந்து வந்தவர் சிறப்பாகச் செய்வார் என்பது என் எண்ணம். பயனர் சேர்ப்பது, சிக்கிக்கொண்ட செக்-அவுட்டை விடுவிப்பது, நிலை ஒன்றைச் சேர்ப்பது ஆகியவற்றை உங்கள் உதவியில்லாமல் அவர் செய்து பார்த்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட பேக்அப். பெரும்பாலான பி.டி.எம். அமைப்புகளில் விவரங்கள் டேட்டாபேஸிலும் ஃபைல்கள் தனிக் கிடங்கிலும் இருக்கும். டேட்டாபேஸ் இரவு பத்து மணிக்கும் கிடங்கு காலை மூன்று மணிக்கும் பேக்அப் ஆனால், மீட்கும் நாளில் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும்: டேட்டாபேஸ் அறியாத ஃபைல்கள் கிடங்கில் இருக்கும், அல்லது அது சொல்லும் ஃபைல்கள் இருக்காது. இரண்டையும் ஒரே நேரப் புள்ளியில் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பிறகு வேறொரு கணினியில் முழு வால்ட்டையும் மீட்டு, அங்கிருந்து ஒரு பெரிய அசெம்பிளியைத் திறந்து, அதன் பழைய ரிவிஷன் ஒன்றையும் திறந்து பார்க்க வேண்டும். அதை அந்த நிர்வாகி செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முடிந்த பிறகு கடைசி இன்வாய்ஸை அனுப்பலாம்.